டியூலிப், டாஃபடில் நடும் பருவம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இலை பழுக்கத் தொடங்கியதும் கனடாவிலும் பிரிட்டனிலும் பூக்கடை வாசல்களில் வலைப்பை வலைப்பையாகக் கிழங்குகள் வந்து இறங்கிவிடும். கூடவே எங்களுக்குக் கடிதங்களும் வரும். இந்த மாதப் பகுதி முழுவதையும் வசந்தத்தில் பூக்கும் கிழங்குச் செடிகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடைக்காரர்கள் ‘பல்ப்’ என்பதைக் கிழங்கு என்றே எழுதுகிறோம். டியூலிப்பும் டாஃபடிலும் வெங்காயம் போல அடுக்கடுக்கானவை. குரோக்கஸ் சேப்பங்கிழங்கு போல உள்ளே கெட்டியானது. நடும் முறையில் பெரிய வேறுபாடு கிடையாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம், கீழே வரும் பல பதில்களுக்கு அதுதான் அடிப்படை. அக்டோபரில் வாங்கும் டியூலிப் கிழங்கை நெடுக்காக வெட்டிப் பார்த்தால், வரப்போகும் வசந்தத்தின் மொட்டு நடுவில் சின்னதாக உருவாகியிருப்பது தெரியும். முதல் ஆண்டுப் பூவைக் கிழங்கு வளர்த்தவர் செய்துமுடித்துத்தான் விற்கிறார். இரண்டாம் ஆண்டுப் பூவை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

புது வீட்டு முன்வாசலில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் வெறும் பாத்தி இருக்கிறது. மண் களிமண். வசந்தம் முழுக்கப் பூ இருக்க வேண்டும் என்று ஆசை. என்ன வாங்க வேண்டும், எப்படி நட வேண்டும்?
– வாசகி, ஸ்கார்பரோ

ஒரே வகையை வாங்காதீர்கள். டியூலிப்பை மட்டும் நட்டால் இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். டொரொன்டோ பக்கம் பனி உருகியதும் முதலில் வருவது குரோக்கஸ். ஏப்ரல் நடுவிலிருந்து டாஃபடில், ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை டியூலிப், மே முடிவில் வெங்காயக் குடும்பத்து அல்லியம். உங்கள் பாத்திக்கு 40 டியூலிப், 25 டாஃபடில், 50 குரோக்கஸ், 5 அல்லியம் போதும். டியூலிப் பையில் முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என்று போட்டிருக்கும். பாதி முன்பருவமும் பாதி பின்பருவமுமாக எடுத்தால் பூக்காலம் மூன்று வாரம் நீளும்.

கையில் எடுத்தால் கிழங்கு கனமாக, இறுக்கமாக இருக்க வேண்டும். வேர் விடும் அடித்தட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அது மெத்தென்று அமுங்கினால் அழுகல் பிடித்தது. வெளித்தோலில் கொஞ்சம் நீலப் பூஞ்சணம் இருந்தால் துடைத்துவிட்டு நடலாம். புளித்த வாடை அடித்தால் வேண்டாம். பையில் 12/+ என்றிருப்பது கிழங்கின் சுற்றளவு 12 செ.மீ.க்கு மேல் என்பதைக் குறிக்கும். டியூலிப்பில் அதற்குக் கீழே போக வேண்டாம். மலிவு விலைப் பைகளில் பெரும்பாலும் சின்னக் கிழங்குகள்தான் இருக்கும், பூவும் அந்த அளவுக்குத்தான் வரும்.

களிமண்ணுக்கு வருவோம். கிழங்குகளைக் குளிர் கொல்வதைவிடத் தேங்கிய நீர் கொல்வதுதான் அதிகம். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். நான்கு மணி நேரம் கழித்தும் நீர் நின்றால் அந்த இடம் அப்படியே உதவாது. மணல் கொட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் காய்ந்தபின் செங்கல் போல இறுகிவிடும். மக்கிய உரம்தான் வழி. பாத்தியின் மேல் 6 செ.மீ. கனத்துக்கு அதைப் பரப்பி, 25 செ.மீ. ஆழம்வரை கொத்திக் கலந்துவிடுங்கள். உங்கள் அளவுக்கு 30 லிட்டர் பை நான்கு தேவைப்படும். அதற்குப் பிறகும் நீர் நின்றால் பலகை அடித்துப் பாத்தியை 15 செ.மீ. உயர்த்துவதே நல்லது. மக்காத சாணத்தைக் கிழங்கின் அடியில் போடவே கூடாது. அதன் சூட்டிலும் ஈரத்திலும் அடித்தட்டு அழுகிவிடும்.

ஆழம்: கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. டியூலிப்புக்கும் பெரிய அல்லியத்துக்கும் உங்கள் ஊரில் 20 செ.மீ., டாஃபடிலுக்கு 15, குரோக்கஸுக்கு 8. தனித்தனிக் குழி தோண்டுவது முதுகை ஒடிக்கும் வேலை. பாத்தி மண்ணை மொத்தமாக 20 செ.மீ.க்கு அள்ளித் தார்ப்பாயில் போட்டுவிட்டு, அடுக்கடுக்காக வைத்துக்கொண்டே மூடி வாருங்கள். கூர்முனை மேலே இருக்க வேண்டும். எது மேல் எது கீழ் என்று தெரியாவிட்டால் படுக்கவைத்தே நடலாம், முளை தானாக மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும். டியூலிப்புகளுக்கு இடையே 12 முதல் 15 செ.மீ. விடுங்கள். கிழங்கை மண்ணில் திருகி அழுத்தாதீர்கள், அடித்தட்டு நசுங்கும்.

டாஃபடிலையும் குரோக்கஸையும் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிக்குள் நட்டுவிட வேண்டும். குளிருக்கு முன் அவை வேர்விட அவகாசம் வேண்டும். டியூலிப்புக்கு அவசரமில்லை, நவம்பர் நடுப்பகுதி வரை காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நடுங்கள். நட்டதும் சதுர மீட்டருக்கு இரண்டு பூவாளி நீர் ஊற்றுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த மண்ணில் வேர் புறப்படாது. மண் உறையத் தொடங்கிய பிறகு, நொறுக்கிய இலைச்சருகை 5 செ.மீ. பரப்பலாம். அதற்கு முன்பே மூடினால் மண் சூடாகவே இருக்கும், எலிக்கும் வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

போன வருடம் 60 டியூலிப் நட்டேன். மறுநாள் காலை பாதிக் குழிகளை அணில் தோண்டிவிட்டது. மிளகாய்த்தூள் தூவச் சொல்கிறார்கள். பலிக்குமா?
– வாசகர், பிராம்டன்

ஒரு மழை வரை பலிக்கும், பிறகு கரைந்துவிடும். அணிலின் கண்ணிலும் காலிலும் பட்டு அதற்கு வேதனையும் தரும். வேண்டாமே.

அணிலை முதலில் இழுப்பது புதிதாகக் கிளறிய மண். அடுத்தது, நடும்போது உதிர்ந்து கிடக்கும் கிழங்குத் தோல். ஆகவே நட்டு முடித்ததும் சருகுத் தோல் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள். மண்ணைத் தட்டிச் சமப்படுத்தி, நீர் ஊற்றி, பழைய இலைகளைத் தூவிக் கிளறிய தடயத்தை மறையுங்கள். எலும்புத்தூள் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அணில் போதாதென்று நாய், ரக்கூன், ஸ்கங்க் எல்லாம் அந்த வாடைக்கு வந்து தோண்டும். முதல் ஆண்டுப் பூவுக்கு எலும்புத்தூள் தேவையும் இல்லை.

உறுதியான காவல் என்றால் கோழிவலைதான். 2.5 செ.மீ. கண் உள்ள வலையைப் பாத்தியைவிட ஒரு சாண் அகலமாக வெட்டி, மண்ணின் மேல் படுக்கவைத்து, ஓரங்களில் செங்கல் வையுங்கள். மண் உறைந்துவிட்டால் தோண்ட முடியாது. மார்ச்சில் முளை தலைகாட்டியதும் வலையை எடுத்துவிடலாம். 3 செ.மீ. மண்ணுக்குக் கீழே புதைத்தால் எடுக்கவே வேண்டாம், முளை அந்தக் கண்களின் வழியே வந்துவிடும்.

அணிலுக்கு டியூலிப்பும் குரோக்கஸும் தேங்காய்ப்பத்தை மாதிரி. டாஃபடிலைத் தொடாது, அதில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. அல்லியம் வெங்காய வாடை அடிப்பதால் பிழைக்கும். பதுமராகம் (ஹயசிந்த்), சில்லா, பனித்துளிப்பூ ஆகியவற்றையும் பெரும்பாலும் விட்டுவிடும். அணில் தொல்லை மிகுந்த தெரு என்றால் டியூலிப்பைக் குறைத்து டாஃபடிலைக் கூட்டுவதே புத்திசாலித்தனம். டாஃபடில் என்றால் மஞ்சள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வெள்ளையும் செம்மஞ்சள் கிண்ணமும் இரட்டை அடுக்கும் சாண் உயரக் குட்டை வகைகளும் உண்டு.

கொண்டோவின் 14ஆம் மாடியில் இருக்கிறோம். பால்கனித் தொட்டியில் நட்டவை வசந்தத்தில் ஒன்றுகூட வரவில்லை. தோண்டிப் பார்த்தால் கூழாகக் கிடந்தன.
– வாசகி, டொரொன்டோ

கிழங்குக்குக் குளிர் தேவை, ஆனால் உறைந்து உறைந்து உருகுவது ஆகாது. நிலத்தில் 20 செ.மீ. கீழே குளிர் மெதுவாக இறங்கும், மேலே பனி போர்வையாக இருக்கும். பால்கனித் தொட்டிக்கு ஐந்து பக்கமும் காற்று. வெளியே மைனஸ் 20 என்றால் தொட்டி மண்ணும் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிடும். வேர் செத்து, உருகும் நீரில் கிழங்கு அழுகிவிடும். குமிழி உறையைச் சுற்றினால் சில மணி நேரம் தாங்கும், ஒரு குளிர்காலத்தைத் தாங்காது.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு. சூடேற்றாத கராஜோ, கீழ்த்தளத்தில் குளிரான பொருள் அறையோ இருந்தால், அக்டோபரில் தொட்டியில் நட்டு, நீர் ஊற்றி, வடியவிட்டு அங்கே வையுங்கள். 2 முதல் 9 டிகிரிக்குள் இருப்பது நல்லது. வெளிச்சம் தேவையில்லை. மூன்று வாரத்துக்கொரு முறை மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் நீர். டியூலிப்புக்கு 14 முதல் 16 வாரம், பதுமராகத்துக்கு 12 முதல் 14 வாரம் இந்தக் குளிர் கிடைக்க வேண்டும். மார்ச் கடைசியில் வெளியே எடுத்து, முதல் வாரம் சுவரோரம் வைத்து, பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள்.

அப்படி இடமில்லையென்றால் குளிர்சாதனப் பெட்டி. கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டுக் காய்கறித் தட்டில் வைத்து, மார்ச்சில் தொட்டிக்கு மாற்றுங்கள். அதே பெட்டியில் ஆப்பிளோ வாழையோ வைக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். இலை வரும், பூ வராது. பேஸ்மென்ட்டில் இரண்டாவது ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பையின் மேல் ‘சமைக்கக் கூடாது’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

தொட்டி 30 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் இருக்கட்டும், அடியில் துளை கட்டாயம். அடியில் 10 டியூலிப், அதன் மேல் 5 செ.மீ. மண்விட்டு 7 டாஃபடில், மேலே 15 முஸ்கரி (திராட்சைக்கொத்து போன்ற குட்டைப் பூ) என்று மூன்று அடுக்கு வைக்கலாம். தொட்டியில் கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் போதும், தோட்டத்து இடைவெளி தேவையில்லை.

ஏழெட்டு வருடமாகப் பூத்த டாஃபடில்கள் இப்போது இலையாக மட்டும் அடர்ந்து நிற்கின்றன. உரம் குறைவா?
– வாசகர், ஹாரோ, லண்டன்

இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இதைக் ‘குருட்டு டாஃபடில்’ என்பார்கள். எங்களுக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. பெரும்பாலும் தவறு பூ உதிர்ந்த பிறகே நடக்கிறது.

ஜூனில் இலை மஞ்சளாகி விழுந்ததும் ஒரு கொத்தைத் தோண்டிப் பாருங்கள். நெருக்கியடித்துக்கொண்டு 20, 30 குட்டிக் கிழங்குகள் இருந்தால் நெரிசல்தான் காரணம். பிரித்து, பெரியவற்றை 15 செ.மீ. ஆழத்தில் 12 செ.மீ. இடைவிட்டு நடுங்கள். சின்னவை பூக்க இரண்டு மூன்று ஆண்டாகும், ஓரமாக ஒரு வரிசையில் வைத்து வளர்க்கலாம். கிழங்குகள் 8 செ.மீ. ஆழத்திலேயே இருந்தன என்றால் அதுவும் காரணம்தான். மேலோட்டமாக நட்ட டாஃபடில் விரைவில் சூடாகிக் காய்ந்து, பூக்காமல் குட்டியாகப் பிரிந்துகொண்டே போகும். கிழங்கு மெத்தென்றிருந்து உள்ளே தடித்த புழு ஒன்று இருந்தால் அது டாஃபடில் ஈயின் வேலை. அந்தக் கிழங்கை உரக்குழியில் போடாமல் குப்பையில் போடுங்கள். மே, ஜூனில் காயும் இலை விட்டுப்போகும் ஓட்டை வழியாகத்தான் ஈ இறங்கி முட்டையிடும். அப்போது மண்ணைக் கிளறி ஓட்டைகளை மூடிவிட்டால் பாதிப்பு குறையும்.

இவை எதுவும் இல்லையென்றால் இலைகளை என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். பூ வாடியதும் அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டுவதும், கொண்டை போட்டு ரப்பர் வளையத்தால் கட்டுவதும், புல்வெட்டியால் ஓட்டிவிடுவதும் அடுத்த ஆண்டுப் பூவைக் கிள்ளி எறிவதற்குச் சமம். காலியான கிழங்கை இலைதான் வெயிலைக் கொண்டு மறுபடி நிரப்புகிறது. பூ முடிந்து குறைந்தது 6 வாரம், தானாக மஞ்சளாகும் வரை, விட்டுவைக்க வேண்டும். வாடிய பூவை மட்டும் விதைப்பை பருக்கும் முன் கிள்ளிவிடுங்கள், தண்டு நிற்கட்டும். அந்த 6 வாரத்தில் மழை இல்லாவிட்டால் நீர் ஊற்றி, தக்காளிக்குப் போடும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரத்தை இரண்டு வாரத்துக்கொரு முறை கொடுங்கள். தழைச்சத்து மிகுந்த புல்லுரம் வேண்டாம், அது இலையைத்தான் வளர்க்கும்.

காயும் இலை கண்ணை உறுத்தினால் முன்னால் ஹோஸ்டாவோ ஜெரேனியமோ நடலாம். மே மாதம் அவை விரிந்து மறைத்துவிடும்.

டியூலிப் முதல் வருடம் பிரமாதம். இரண்டாம் வருடம் பாதி. மூன்றாம் வருடம் ஒற்றை இலை மட்டும். இலையை வெட்டவே இல்லை. எங்கே தவறு?
– வாசகி, மிசிசாகா

உங்கள் தவறு குறைவு. டாஃபடில் கிழங்கு ஆண்டுக்கு ஆண்டு நீடிக்கும். டியூலிப் அப்படியில்லை. நட்ட கிழங்கு அந்த வசந்தத்திலேயே தீர்ந்துவிடும், அதன் இடத்தில் புதிய கிழங்குகள் உண்டாகும். ஒரு பெரியது உண்டானால் அடுத்த ஆண்டு பூ. நான்கு சின்னவையாகப் பிரிந்தால் ஒற்றை இலைதான். டியூலிப்பின் பூர்வீகம் நடு ஆசிய மலைச்சரிவுகள். அங்கே கோடை சுட்டுப் பொசுக்கும், மண் காய்ந்து கிடக்கும். நம் வீடுகளில் ஜூலையில் அதே பாத்தியில் வேறு பூச்செடி நட்டுத் தினமும் நீர் ஊற்றுகிறோம். தூங்கும் கிழங்குக்கு அது ஒத்துக்கொள்ளாது.

திரும்பத் திரும்பப் பூக்க வேண்டுமென்றால் வகையைப் பார்த்து வாங்குங்கள். டார்வின் கலப்பினங்களும், ஃபோஸ்டரியானா, காஃப்மன்னியானா, கிரெய்கி வகைகளும், காட்டினமான டார்டாவும் நன்றாகத் திரும்பி வரும். கிளிவால் போல இதழ் கிழிந்தவை, பியோனி போல அடுக்கானவை எல்லாம் ஒரு வருட விருந்தாளிகள். அவற்றை ஆண்டுதோறும் புதிதாக வாங்கி நடுபவர்களே அதிகம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடுத்து வைக்க விரும்பினால், இலை முழுதும் மஞ்சளானதும் தோண்டி, மண்ணை உதறி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் 18 முதல் 20 டிகிரியில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சுற்றளவு 10 செ.மீ.க்குக் குறைந்தவை மறு வருடம் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் முளைகள் 5 செ.மீ. வெளியே வந்துவிட்டன. மறுபடி மைனஸ் 15 என்கிறார்கள். போர்வை போடலாமா?
– வாசகர், மார்க்கம்

வேண்டாம். வெளியே தெரிவது இலை நுனி மட்டும், மொட்டு இன்னும் கிழங்கையொட்டி மண்ணுக்குள்தான் இருக்கிறது. நுனி கொஞ்சம் கருகலாம், பூவுக்கு ஒன்றும் ஆகாது. பாதையில் அள்ளும் உப்புக் கலக்காத பனியை அதன் மேல் கொட்டினால் அதைவிட நல்ல போர்வை இல்லை. வீட்டுச் சுவரின் தெற்குப் பக்கத்தில் நட்டவை இப்படி அவசரப்படும். முஸ்கரி இலைகள் இலையுதிர் காலத்திலேயே தலைகாட்டும், அது அதன் இயல்பு.

நவம்பரில் வாங்கிய டியூலிப் பை கராஜில் கிடக்கிறது. இன்று ஜனவரி 10. அடுத்த வருடத்துக்கு வைக்கலாமா?
– வாசகி, இல்ஃபர்ட், லண்டன்

வைத்தால் காய்ந்து சக்கையாகிவிடும். அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் இன்றே நடுங்கள். பூ சற்றுப் பிந்தியும் குட்டையாகவும் வரும், ஆனால் வரும். லண்டனில் டியூலிப்பை நவம்பருக்குத் தள்ளி நடுவதே நல்லது. மண் குளிர்ந்த பிறகு நட்டால் டியூலிப் தீ எனப்படும் பூஞ்சண நோய் குறையும். இலை முறுக்கிக்கொண்டு, தீய்ந்ததுபோலப் புள்ளிகளோடு வந்தால் அந்த நோய்தான். செடியைக் கிழங்கோடு பிடுங்கிக் குப்பையில் போட்டு, அந்த இடத்தில் 3 ஆண்டு டியூலிப் நடாதீர்கள்.

மேசையில் வைத்திருந்த டாஃபடில் கிழங்குகளை மாமியார் வெங்காயம் என்று எடுத்து உரித்துவிட்டார். நல்லவேளை பார்த்துவிட்டேன். சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
– வாசகி, பர்மிங்காம்

கடும் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. டாஃபடில் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. 2009இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் பள்ளிச் சமையல் வகுப்பில் வெங்காயத்தோடு டாஃபடில் கிழங்கும் சூப்பில் சேர்ந்து பிள்ளைகள் நோயுற்றார்கள். பூக்கும் முன் உள்ள டாஃபடில் தண்டுகள் பூண்டுத்தாள் போலவே தெரியும் என்பதால், அவற்றைக் காய்கறிப் பக்கம் வைக்க வேண்டாம் என்று 2015இல் அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறை கடைகளைக் கேட்டுக்கொண்டது. நம் வீடுகளில் வெங்காயக் கூடை எப்போதும் நிறைந்திருக்கும். ஆகவே கிழங்குகளைச் சமையலறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். பூண்டு நட்ட பாத்தியிலும் டாஃபடிலைக் கலந்து நடாதீர்கள்.

டியூலிப்பும் உணவல்ல. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்து மக்கள் நடுக்குருத்தை நீக்கிவிட்டு அதைத் தின்றார்கள் என்பது உண்மை. வேறு வழியில்லாமல் தின்றது அது. இன்று கடையில் விற்பவற்றில் பூஞ்சணக்கொல்லி பூசியிருக்கவும் கூடும். யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள், மீதிக் கிழங்கையும் எடுத்துச் செல்லுங்கள். நாய் தோண்டித் தின்றாலும் உடனே கால்நடை மருத்துவர்.

கையுறையும் தேவை. பதுமராகத்தின் தோலைத் தொட்டால் கருணைக்கிழங்கு அரிந்ததுபோல அரிக்கும், இரண்டிலும் இருப்பது ஒரே வகை ஆக்சலேட் ஊசிகள்தான். பூச்சாடிக்கு ஒரு குறிப்பு: வெட்டிய டாஃபடிலின் பசை டியூலிப்பைச் சீக்கிரம் வாடவைக்கும். டாஃபடிலைத் தனி நீரில் சில மணி நேரம் வைத்து, மறுபடி தண்டை வெட்டாமல் கலந்து வையுங்கள்.

சிட்னியில் எப்போது நடுவது?
– வாசகர், பாரமட்டா

மாதங்களைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். டாஃபடில் ஏப்ரலில். டியூலிப்பை மார்ச்சிலேயே வாங்கி, பழங்கள் இல்லாத குளிர்சாதனப் பெட்டியில் 6 முதல் 8 வாரம் வைத்து, மே நடுப்பகுதியில் மண் குளிர்ந்ததும் நடுங்கள். உங்கள் ஊர்க் குளிர்காலம் மட்டும் டியூலிப்புக்குப் போதாது.

சென்னை மாடித்தோட்டத்தில் டியூலிப் வளருமா? இணையத்தில் ஒரு கிழங்கு 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது.
– வாசகி, மடிப்பாக்கம்

அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். டியூலிப்பின் மொட்டு கிழங்குக்குள் இருந்தாலும், தண்டு நீண்டு அதை வெளியே தூக்கிக் கொண்டுவரப் பல வாரக் குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் சபர்வான் மலையடிவாரத்தில் 2007இல் திறந்த டியூலிப் தோட்டம் ஏப்ரலில் பூத்துக் குலுங்குவது, காஷ்மீரின் குளிர்காலம் அந்தக் குளிரைக் கொடுப்பதால்தான். சென்னையில் ஜனவரி இரவிலும் ஏறக்குறைய 20 டிகிரி. ஃப்ரிட்ஜில் குளிரூட்டி நட்டாலும் இலைகளுக்குள்ளேயே குட்டையாக விரிந்து, இரண்டு மூன்று நாளில் வெயிலில் சுருண்டுவிடும். அந்தக் கிழங்கு மறுபடி பூக்காது.

மாடித்தோட்டத்துக்கு உரிய கிழங்குப்பூ வேறு. நர்சரிகளில் அமரில்லிஸ் என்று விற்கும் ஹிப்பியாஸ்ட்ரம் நம் ஊரில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கையகலப் பூவாகப் பூக்கும். அதற்கு வேண்டியது குளிரல்ல, வறட்சி. கிழங்கைவிட 5 செ.மீ. அகலமான தொட்டி போதும், பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி அழுகும். செம்மண், மணல், மக்கிய உரம் சம பங்கு. கிழங்கின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுதும் புதைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது தொட்டியைச் சன்னல் மறைப்புக்குக் கீழே மழைபடாமல் நகர்த்தி, நீரை நிறுத்திவிடுங்கள். இலை காய்ந்து உதிரட்டும். 8 முதல் 10 வாரம் கழித்து, பொங்கலை ஒட்டி, வெயிலுக்கு எடுத்து ஒருமுறை நன்றாக நீர் ஊற்றுங்கள். முளை தெரியும் வரை அடுத்த நீர் வேண்டாம். 6 முதல் 8 வாரத்தில் தண்டு வரும். பூத்தபின் இலைகளை வெட்டாமல் மாதம் இருமுறை உரம் கொடுத்தால் அடுத்த ஆண்டுக்கும் அதே கிழங்கு.

வாசனைக்கு நிலச்சம்பங்கி. ஜூன், ஜூலையில் 5 செ.மீ. ஆழத்தில், 20 செ.மீ. இடைவிட்டு நட்டால் மூன்று மாதம் அளவில் பூக்கத் தொடங்கும். ‘பிரஜ்வல்’ ரகம் ஒற்றை அடுக்கு, மாலை கட்ட ஏற்றது. ஐந்தாறு மணி நேர நேர்வெயில் இல்லாத மாடி என்றால் சம்பங்கி வேண்டாம், மழை லில்லி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை ஒரு வாரம் காயப்போட்டுப் பிறகு நீரை நிறைய ஊற்றினால், சில நாளில் மொத்தத் தொட்டியும் பூத்துவிடும்.